வேன் வராத வாய்தா

வேன் இன்றைக்கு வராது. எனக்குத் தெரியும், பெஞ்ச் கிளார்க்குக்குத் தெரியும், வாசலில் பெயர் கூப்பிடுகிற டவாலிக்குக்கூடத் தெரிந்திருக்கும். தெரியாதது சண்முகக்கனி ஒருத்திக்குத்தான். அவள் உப்பளத்தில் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, விடியுமுன்னே அடுப்பு மூட்டி, மகனுக்குச் சோறும் குழம்பும் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவளிடம் போன் கிடையாது, காலையில் நான் கூப்பிட்டபோது அவள் பக்கத்து வீட்டுக்காரிதான் எடுத்துச் சொன்னாள். "அவ அப்பமே போயிட்டாளே. இன்னைக்கு அவ மவனுக்கு வாய்தால்லா," என்று, விவரம் தெரியாத யாருக்கோ சொல்வதுபோல எனக்கே சொன்னாள். அந்த மகனுக்கு வக்கீலே நான்தான். சட்ட உதவி மையம் நியமித்த வக்கீல். இலவசம் என்ற சொல் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டால் வக்கீல் என்ற சொல் கொஞ்சம் இளைத்துத்தான் போகிறது. வராந்தாவில் எதிரே வருகிற சீனியர்கள் என்னைப் பார்த்துப் புன்னகைக்கிற விதத்திலேயே அது தெரியும். போகட்டும். நேற்றுச் சாயங்காலமே போன் செய்திருக்கலாம். கோர்ட்டுப் பட்டியலில் அவள் மகன் இசக்கிராஜாவின் பெயருக்கு நேரே 'காணொலி' என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். போனைக் கையில் எடுத்தேன். என்ன சொல்வது? கனியம்மா, இனிமேல் உன் மகனை இங்கே கூட்டிவர மாட்டார்கள், ஜெயிலில் இருந்தபடியே டிவியில் காட்டுவார்கள், நான்தான் சரி என்று சொன்னேன். இதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்ப முடியுமா? தூங்கியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது தெருவிளக்குகூட எரிய ஆரம்பிக்கவில்லை. யாருக்காகப் பொய் சொன்னேன், வீட்டில்தான் கேட்க ஆளே இல்லையே. இப்போது கோர்ட்டு வாசலைப் பார்த்தபடி புங்கமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வேன் நிற்கிற இடத்தில் யாரோ ஒரு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

வேன் வருகிற நாளில் அந்த இடத்தில் நிற்கவே முடியாது. நீலக்கலர் வேன், ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை. அது வாசலில் திரும்பும்போதே பெண்கள் கூடவே ஓடுவார்கள், வலைக்குள் கையா முகமா என்று தெரியாத ஏதோ ஒன்றைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ரிமாண்டு நீட்டிக்கக் கூட்டிவருகிறார்கள், நடுவர் ஒரு பார்வை பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், அடுத்த தேதி விழும். கோர்ட்டுக்கு அவ்வளவுதான் காரியம். பெண்களுக்குக் காரியம் அதற்குப் பிறகு. விசாரணை முடிந்து வேனில் ஏற்றுமுன் வழிக்காவல் ஏட்டு டீக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது ஒரு ஏற்பாடு, எந்தச் சட்டத்திலும் கிடையாது. "சீக்கிரம் குடுத்துட்டுப் போங்கம்மா, என் வேலைக்கு உலை வச்சிராதீங்க." சாப்பாட்டில் எதையாவது கலந்து கொடுத்துவிட்டால் அவர் தலைதான் உருளும் என்பதால் ஒரு நிபந்தனை: கொண்டுவந்தவள் முதல் வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். சண்முகக்கனி முதல் தடவை அதைக் கேட்டபோது அவரையே வெறித்துப் பார்த்தாள். "என் புள்ளைக்கு நான் என்னத்தக் கலப்பேன்?" ஏட்டு, "ஒன்னையச் சொல்லல தாயி, சட்டம்," என்றார். அப்படி ஒரு சட்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கி, வாயைத் திறந்துகூடக் காட்டினாள். ஏட்டுதான் வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டார். அப்புறம் மகனுக்கு ஊட்டிவிட்டாள். ஒரு கையில் விலங்கும் விலங்கின் மறுமுனையில் ஒரு போலீஸ்காரனுமாக நின்று, மீசை முளைத்த பையன் வாயைத் திறந்தான். அடுத்தடுத்த வாய்தாக்களில் யாரும் கேட்காமலேயே முதல் கவளத்தைத் தானே தின்றுவிட்டு ஏட்டைப் பார்ப்பாள், அவர் தலையசைப்பார். ஜெயிலுக்குப் போய்ப் பார்க்கலாமே என்று நானும் ஆரம்பத்தில் சொன்னேன். ஒருமுறை போனாளாம். பஸ் மாறி மாறிப் போய், வரிசையில் நின்று, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவளும் இவளைப் போலப் பலரும், அந்தப் பக்கம் அவனும் அவனைப் போலப் பலரும், எல்லோரும் ஒரே சமயத்தில் கத்த, மகன் என்ன சொன்னான் என்று ஊர் வந்து சேரும்வரை யோசித்தாளாம். "வாய் அசையுது வக்கீலம்மா, அம்புட்டுத்தான்." அதிலிருந்து வாய்தாதான் அவளுக்கு மகனைப் பார்க்கிற நாள். ஒரு கடையின் ஷட்டரை உடைத்த கேஸ். இவன் உடைத்தவனா, கூட நின்றவனா, அந்தத் தெருவில் நடந்துபோனவனா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் ஜாமீன்தாரராக நிற்க அவர்கள் ஊரில் யாரும் முன்வரவில்லை, அதனால் கிடைத்தும் உள்ளேதான் இருக்கிறான்.

ஆட்சேபணை இல்லை. நான் அதைச் சொன்ன நேரத்தில் என் கை வேறொரு கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது, அதுதான் மனசில் அடங்கமாட்டேன் என்கிறது. யோசித்துச் சொல்லியிருந்தால் யோசனை தப்பாகிவிட்டது என்று விட்டுவிடலாம். போன வாய்தாவில் பையனை ஆஜர்படுத்திவிட்டு வெளியே கொண்டுபோன பிறகு நடுவர், சின்ன வயது, மூக்கு உறிஞ்சிக்கொண்டே இருந்தார், ஜலதோஷம், "வழிக்காவலுக்கு ஆள் கிடைக்கிறது சிரமமா இருக்காம் மேடம். இனிமே காணொலியிலேயே எடுத்துக்கலாமா?" என்றார். ஆட்சேபணை இல்லை ஐயா. பழகிப்போன வாக்கியம். உட்காருங்கள் என்றால் உட்காருவது மாதிரி வாயிலிருந்து வந்தது. அந்த நேரத்தில் வெளியே வேன் பக்கத்தில் அவள் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம், நான் நின்ற இடத்திலிருந்து அவள் புடவை தெரியும். பார்க்கவில்லை. விலங்கோடு வேனில் குலுங்கி வருவதற்கு இது மேல், கேஸும் தள்ளிப்போகாது, என்றெல்லாம் பிறகு காரணம் கட்டினேன். உண்மை அதுவல்ல. திரையில் பார்த்தால் போதாது என்று எனக்குத் தோன்றவே தோன்றியிருக்காது, ஏனென்றால் எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தம்பி வெளிநாட்டிலிருந்து வீடியோவில் கூப்பிடுவான். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைப்பேன். அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை, மூலையில் தெரிகிற தன் முகத்தைப் பார்க்கிறான். நானும் அதையேதான் செய்கிறேன். "சாப்பிட்டியாக்கா?" "சாப்பிட்டேன்டா, நீ?" அவன் பிள்ளை குறுக்கே ஓடும், அத்தைக்கு டாட்டா சொல்லு என்பான், ஒரு கை தெரியும். அணைந்ததும் சர்க்கரை டப்பாதான் எதிரே இருக்கும். அப்பாவை எடுத்த அன்றைக்கும் அவன் அதே போனில்தான் இருந்தான், டிக்கெட் கிடைக்கவில்லை. சித்தப்பா மகன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டே சுடுகாடுவரை போனான். வழியில் சிக்னல் போய்விட்டது. இதெல்லாம் பழகும் என்று நான் நினைத்திருக்கிறேன். பழகியவளிடம் போய் ஆட்சேபணை உண்டா என்று கேட்டால் வேறு என்ன சொல்வாள்.

வந்துவிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தெரிகிறது, தூக்குச்சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரும் இடித்துவிடாமல் ஒரு தோளை முன்னால் கொடுத்து இறங்குகிறாள். இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். ஓடி ஒளியலாமா என்று ஒரு கணம், ஐம்பது தாண்டியவள், கறுப்புக் கோட்டோடு, மரத்துக்குப் பின்னால். "வக்கீலம்மா, வெள்ளனவே வந்துட்டீகளா?" பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். என் பக்கத்தில் இடம் இருந்தும் ஓரத்தில்தான் உட்காருவாள், எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. உப்புத்தண்ணீரில் நின்று நின்று வெடித்த பாதம், செருப்பின் வாருக்குள் அடங்காமல். "சாளை நல்லாக் கெடச்சுது. அவனுக்கு சாளைன்னா உசுரு. முள்ளையெல்லாம் எடுத்துட்டேன், வெலங்கோட தின்னயில முள்ளு சிக்கிட்டா என்ன செய்வான் பாவம்." இப்போது சொல். இதைவிட நல்ல இடம் வராது. "ஆமா," என்றேன். மீன் வாசனை தூக்குச்சட்டி மூடியைத் தாண்டி வந்தது, என் வாயில் தண்ணீர் ஊறியது, அந்த நேரத்திலும் ஊறுகிறது பாருங்கள். அப்பா போனபிறகு வீட்டில் மீன் வாங்கவில்லை. ஒருத்திக்கு எவ்வளவு வாங்குவது? மீன்காரம்மா கையில் அள்ளினாலே அது இரண்டு பேருக்கு. மிச்சத்தை எங்கே கொட்டுவது, பூனைகூட வருவதில்லை. அவள் வாசலைப் பார்க்கிறாள். ஒரு லாரி திரும்புகிறது, எழுந்து உட்காருகிறாள். ஒரு பள்ளிக்கூட வண்டி, மறுபடியும். "இன்னைக்கு என்ன இம்புட்டு நேரமாவுது?" நான் நகத்தைப் பார்த்தேன். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பைக் குறுக்கு விசாரணை செய்கிறபோது என் குரல் வராந்தாவரை கேட்கும் என்பார்கள். ஒரு தாயிடம் ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்டால், கோர்ட்டு பாஷையில்தான் சொன்னேன், அதுதான் கேவலம். "இன்னைக்கு அவனைக் காணொலி மூலமா ஆஜர்படுத்துவாங்க." அவள் புரிந்ததுபோல் தலையாட்டினாள், பிறகு, "எத்தன மணிக்குக் கூட்டியாருவாங்க?" என்றாள். "கூட்டிட்டு வர மாட்டாங்க கனியம்மா. அவன் ஜெயில்லயே இருப்பான். உள்ள ஒரு டிவி இருக்குல்லா, அதுல தெரிவான். நாம பாக்கலாம்." அவள் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று பயந்தேன். அதைவிட, கோபப்படாமல் இருந்துவிடுவாளோ என்று பயந்தேன். "டிவியிலயா," என்றாள். "ஆமா." "அப்ப இது?" சட்டியைத்தான் கேட்டாள். "யாரு சொன்னா அப்பிடி?" போலீஸ் சொன்னது, அரசாங்கம் சொன்னது, கொரோனாவிலிருந்தே இப்படித்தான், எத்தனை பதில்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் பாதி நிஜம். "நான்தான் சரின்னுட்டேன்," என்றேன். "போன வாய்தாவுல ஜட்ஜ் கேட்டாரு. அவனுக்கு நல்லதுன்னு நெனச்சு, இல்ல, நெனைக்கவே இல்ல. கேட்டாரு, சரின்னுட்டேன்." அவள் வாசல் பக்கமே பார்த்தாள், வேன் வராது என்று தெரிந்த பிறகும். பிறகு, "நீங்க காசு வாங்காமப் பாக்கீங்க, ஒங்களப் போயி நான் என்ன சொல்ல," என்றாள். காசு வாங்கியிருந்தால் அவளால் என்னைத் திட்ட முடிந்திருக்கும். அந்த ஒன்றையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டுதான் இத்தனை நாளும் உதவி செய்திருக்கிறேன். இது எனக்கு இன்றைக்குத்தான் உறைக்கிறது. புங்கம்பூ ஒன்று மூடியின் மேல் விழுந்தது, தட்டிவிட்டாள்.

டவாலி கூப்பிடுகிறார், இசக்கிராஜா, இசக்கிராஜா, இசக்கிராஜா. வர முடியாதவனை வராந்தாவைப் பார்த்து மூன்று தடவை கூப்பிடுகிற வழக்கத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். பார்வையாளர் பெஞ்சைத் தாண்டி, வக்கீல்கள் நிற்கிற இடத்துக்கே. பெஞ்ச் கிளார்க் புருவத்தை உயர்த்தினார், உயர்த்தட்டும். சுவரில் திரை, அதற்குக் கீழே கட்டைவிரல் அளவு கேமரா. ஒரு அறை, நீலச்சுவர், வரிசையாக ஆட்கள், ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துபோகிறார்கள், முடிவெட்டும் கடையில் முறை வருவதுபோல. இவன் வந்தான். மொட்டை அடித்திருக்கிறார்கள். அவள் என் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எலே ராசா," என்றாள் மெல்ல, கோயிலுக்குள் கூப்பிடுவதுபோல. அவன் கொஞ்சம் கீழே, கொஞ்சம் இடதுபக்கம், எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன் என்னயப் பாக்க மாட்டேங்கான்? கோவமா இருக்கானா?" "இல்ல, அங்க அவனுக்கு முன்னால ஒரு டிவி இருக்கு. அவன் அதப் பாக்கான். அது அப்பிடித்தான் தெரியும்." "அப்ப அதுல நான் தெரியுதேனா?" கேமரா நிற்கிற இடத்தைக் கணக்குப் பார்த்தேன். அது நேராக என்னைத்தான் பார்த்தது, வக்கீல் நிற்க வேண்டிய இடத்தை. நான் விலகினேன். என் இடத்தில் அவளைத் தள்ளி நிறுத்தினேன். நடுவர் நிமிர்ந்தார். "யார் மேடம் இது?" "எதிரி இசக்கிராஜாவோட அம்மா, ஐயா." அதற்குள் திரையில் அவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். யாரோ தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை, சத்தத்தை நடுவர் பேசும்போது மட்டும்தான் திறப்பார்கள்போல. அவள் என்ன செய்தாள் என்றால், தூக்குச்சட்டியைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு கையாலும், தலைக்கு மேலே, கொண்டுவந்திருக்கிறேன் என்று. அவன் அழுதானா சிரித்தானா, படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. "ரிமாண்டு நீட்டிக்கப்படுது. அடுத்தது," என்றார் நடுவர். நான் விடவில்லை. "ஐயா, அடுத்த வாய்தாவுக்கு நேரில் ஆஜர்படுத்த உத்தரவிட வேணும்." "போன தடவை நீங்கதானே ஆட்சேபணை இல்லைன்னீங்க?" "ஆமா ஐயா. நான் சொன்னது தப்பு. இப்ப ஆட்சேபணை இருக்கு." வராந்தாவரை கேட்டிருக்கும். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மனுவாப் போடுங்க, பாக்கலாம்," என்றார். பாக்கலாம் என்றால் சம்மதம் என்றும் அர்த்தம் இல்லை, இல்லை என்றும் இல்லை. திரையில் வேறொருத்தன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு யாரும் வந்திருக்கவில்லை.

மறுபடியும் புங்கமரத்தடி. மனு எழுத வேண்டும், இப்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், வீட்டுக்குப் போனால் கை ஓடாது. பையைத் திறந்தால் காகிதத்துக்கு மேலே என் டப்பா, காலையில் பிசைந்த தயிர்ச்சோறு. பார் அசோசியேஷன் பெண்கள் அறையில் தனியாக உட்கார்ந்து, மின்விசிறிச் சத்தத்தில் தின்ன வேண்டியது. திரும்ப உள்ளே தள்ளினேன். அவள் பஸ்ஸுக்குக் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தாள். "எளச்சுப் போயிட்டான்லா?" "மொட்ட போட்டதுனால அப்பிடித் தெரியுது." "என்னயப் பாத்துட்டானா?" "பாத்தான். எந்திரிச்சான்ல, நீங்க பாக்கலையா?" "எந்திரிச்சான்," என்றாள், அதை வீட்டுக்குக் கொண்டுபோக எடுத்துவைத்துக்கொள்வதுபோல. அப்புறம் உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஓரத்தில் இல்லை, என் பக்கத்தில். மூடியைத் திறந்தாள். இன்னும் சூடு இருந்தது. "ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோனா எனக்கு எறங்காது. வீணாப் போட மனசு வரல. நீங்க சாப்புடுங்க வக்கீலம்மா." வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் பெயரில் வைத்த குழம்பு, அவனுக்காக முள் எடுத்த மீன், அதை அவனுக்குக் கிடைக்காமல் செய்தவளே உட்கார்ந்து தின்பதா? வேண்டாம் என்றால் அவள் இந்தச் சூட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊர்வரைக்கும் பஸ்ஸில் போக வேண்டும். எனக்குப் பசித்தது, அதுவும் நிஜம். யாரோ எனக்கென்று மூடி திறந்து எவ்வளவு நாளாயிற்று, அதுவும் நிஜம். "குடுங்க," என்றேன். அவள் மூடியில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, பிசைந்தாள். ஒரு கவளம் உருட்டினாள். என்னிடம் நீட்டப்போகிறாள் என்று கையை நீட்டினேன். அவள் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள், விழுங்கினாள், வாயைக் கொஞ்சம் திறந்து, சரியா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். பிறகுதான் மூடியை என் பக்கம் நகர்த்தினாள்.